வாயில் ஒன்றா, இரண்டா?

ஒரு வீட்டாரின் மனத்தை அறிய வேண்டுமாயின், அவர்கள் பேசும் பேச்சைக் கேட்பதினும் அவர்கள் வீட்டு வாயிலைப் பார்ப்பது நலம். யாரை முன்வாயிலால் அழைக்கின்றனர், யாரைப் புறக்கடையில் நிற்கச் சொல்கின்றனர் என்பதிலே அவர்தம் தருமமெல்லாம் அடங்கிக் கிடக்கிறது. வீட்டுக்குச் சொன்ன இவ்வுண்மை சமூகத்துக்கும் பொருந்தும். ஒருவனை உள்ளே வரவே கூடாதென்று தடுப்பது அநீதி என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், அவனை உள்ளே விட்டு, வேறொரு வாயிலால் விட்டால் அது நீதியாகுமா? இக்கேள்விக்கு விடை கூறுவதில்தான் நம்மவர் பலரும் தடுமாறுகின்றனர். அதனையே ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

தமிழராகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. தேநீர்க் கடையில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைத்த கொடுமையை நம் முன்னோர் கண்டனர். "தேநீர் ஒன்றுதானே, குவளை வேறாயிருந்தால் என்ன குறைந்து போயிற்று?" என்று கேட்டவர்களும் அக்காலத்தில் இருந்தனர். 1924-ம் வருஷத்தில் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட நடந்ததன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகவே நடந்தது. "சுற்றிப் போக வேறு தெரு இருக்கிறதே" என்பதுதான் அன்று தடுத்தவர்கள் சொன்ன சமாதானம். 1936-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவரும் வரையில் அந்தச் சமாதானம் வேறு வேறு உருவத்தில் உயிரோடிருந்தது. 1929-ம் வருஷக் கடைசியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து பேசிய நாள் முதல், வேறு குவளையும் வேறு தெருவும் சுயமரியாதைக்கு இழுக்கு என்பதை நம்மவர் பலர் உணர்ந்தனர். உணர்ந்த நாம், அந்த உணர்ச்சியை ஜாதி விஷயத்தோடு நிறுத்திக்கொண்டோமா, அல்லது அது செல்ல வேண்டிய இடமெல்லாம் செல்ல விட்டோமா என்பதே இப்போது கேட்க வேண்டியது.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நேயர்களுக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். அஃது ஐக்கிய அமெரிக்காவிலுள்ள உல்லாசப் பூங்காக்களின் வாயிலைப் பற்றியது. "வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கும் நமக்கு அந்தப் பூங்காவின் கதவைப்பற்றி என்ன கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். அத்தகைய பூங்காக்கள் இன்று நமக்குத் தொலைவில் இல்லை. 2010-ம் வருஷத்தில் சிங்கப்பூர் செந்தோசாவிலும், 2012-ம் வருஷத்தில் ஜொகூரிலும் அவை வந்துவிட்டன. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்காகச் சம்பளத்தில் மாதந்தோறும் மிச்சம் பிடிக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். மேலும், உல்லாசப் பூங்காவுக்கு யாரும் அவசியத்தால் போவதில்லை, சந்தோஷத்துக்காகவே போகின்றனர். ஆதலின் அங்கே ஒருவனுக்கு வாயிலில் நேரும் தாழ்வை, "வேலை நடந்தால் போதும்" என்று சொல்லி மறைக்க முடியாது. சந்தோஷத்துக்காகப் போனவன் மனம் நொந்து திரும்பினானாயின், போனதன் பயன் முழுவதும் போயிற்று அன்றோ?

டிஸ்னி கம்பெனியாரின் முதற் பூங்கா கலிபோர்னியா மாகாணத்தில் 1955-ம் வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி திறக்கப்பட்டது. அதனினும் பன்மடங்கு பெரிய இரண்டாவது ஸ்தலம் புளோரிடா மாகாணத்தில் 1971-ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி திறக்கப்பட்டது. ஜனத்திரளை எண்ணி உள்ளே விடுவதற்கு இவை போன்ற இடங்களில் நெடுங்காலம் பயன்பட்டு வந்தது சுழல் தடுப்பு என்னும் கருவி. இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சீட்டைக் காட்டியபின் ஒருவர் தம் உடம்பால் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் போனதும் அது மீண்டும் பூட்டிக்கொள்ளும். இக்கருவி மனிதனைப்பற்றி ஒரு முடிவு செய்து வைத்திருக்கிறது. அதன் கணக்கில், மனிதனாவான் இரண்டு காலால் நிமிர்ந்து நடப்பவன், ஒல்லியானவன், கையில் குழந்தையோ சுமையோ இல்லாதவன். சக்கர நாற்காலியில் அமர்ந்து வருபவர் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே அவருக்கெனப் பக்கத்தில் ஒரு கதவு வைத்தார்கள்.

அந்தப் பக்கக் கதவின் அனுபவம் எத்தகையது என்பதை நேயர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். இது பூங்காக்களுக்கு மாத்திரம் உரியதன்று. ரயில் நிலையத்திலும் மைதானத்திலும் எங்கும் காணத்தக்கதே. கூட வந்த குடும்பத்தார் ஒரு வழியாகச் செல்வர். நாற்காலியில் வந்தவர் வேறு வழியாகச் செல்ல வேண்டும். கதவு பூட்டியிருக்கும்; சாவி வைத்திருப்பவர் வேறெங்கோ நிற்பார். அவரைக் கையசைத்துக் கூப்பிட வேண்டும். அவர் வரும் வரையில் காத்திருக்க வேண்டும். வந்தவர் முகம் சுளிக்காமலிருந்தால் நன்றி கூற வேண்டும். மற்றவர்கள் ஒருவரையும் கேளாமல் செய்யும் ஒரு காரியத்தை இவர் மாத்திரம் கேட்டு, காத்து, நன்றி கூறிச் செய்ய வேண்டியிருக்கிறது. உரிமையாய் இருக்க வேண்டியது அவர் விஷயத்தில் உபகாரமாகி விடுகிறது. தனி வாயிலின் தீமை இதுதான்.

இந்நிலையில் 2013-ம் வருஷத்தில் புளோரிடாவில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. மேஜிக் பேண்ட் என்னும் கைப்பட்டையை அக்கம்பெனியார் கொண்டுவந்தனர். ரப்பரைப்போல் வளையும் அப்பட்டைக்குள் மெல்லிய மின் சில்லு ஒன்று உண்டு. தூணில் பொருத்திய கருவியின் அருகே அதைக் கொண்டு சென்றால், கருவி வெளியிடும் ரேடியோ அலையினால் சில்லு உயிர்பெற்றுத் தன் எண்ணைத் தெரிவிக்கும். அந்த எண்ணைக் கொண்டு கணக்கைப் பார்த்து, சீட்டு வாங்கியவர்தாம் என்று தெரிந்தால் தூணிலுள்ள வளையம் பச்சையாக ஒளிரும். அப்பட்டையே விடுதி அறைக்குச் சாவி. கடையில் பணம் செலுத்தவும் அதுவே போதும். இந்த ஏற்பாடு முழுவதற்கும் ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவாயிற்றென்று பத்திரிகைகள் எழுதின.

நாம் கவனிக்க வேண்டியது பட்டையை அன்று. பட்டை வந்ததனால் போனதையே கவனிக்க வேண்டும். புளோரிடாப் பூங்காக்களின் வாயில்களில் சுழல் தடுப்புகளை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டுத் தூண்களை நிறுத்தினார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே இரும்புக் கை ஏதும் இல்லை, வெறும் தரைதான். நடப்பவர் நடந்து செல்கிறார். குழந்தை வண்டியைத் தள்ளும் தாய் அதே வழியில் தள்ளிச் செல்கிறாள். கைத்தடி ஊன்றிய கிழவர் மெல்லச் செல்கிறார். சக்கர நாற்காலியில் வந்தவர் தம் பேரப்பிள்ளைகளோடு அதே வாயிலால் உருண்டு செல்கிறார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. யாரும் நன்றி கூறவில்லை. இரண்டு வாயிலாக இருந்தது ஒரு வாயிலாயிற்று.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. இந்த மாறுதலை உந்தியது உடற்குறையுள்ளோர் மீதுள்ள கருணையா? அன்று. கூட்டம் விரைவாக உள்ளே போக வேண்டும். போனவர் சுலபமாகச் செலவு செய்ய வேண்டும். யார் எங்கே போகின்றனர் என்பது கம்பெனிக்குத் தெரிய வேண்டும். இவ்வியாபாரக் காரணங்களால் வந்ததே அது. அங்ஙனமாயின், நல்லெண்ணமின்றி விளைந்த நன்மையை நன்மை என்று சொல்லலாமா?

செயலின் மேன்மை அதைச் செய்தவன் எண்ணத்தைப் பொறுத்தது என்று ஞானிகள் பலர் கூறியுள்ளனர். செய்தவனைப் புகழ்வதா இகழ்வதா என்று தீர்மானிக்க அந்த விதி உதவும். ஆனால் வாயிலில் நிற்பவருக்கு அதனால் ஆவதென்ன? மழையில் நனைந்து வந்தவன், திண்ணை எந்த நோக்கத்தோடு கட்டப்பட்டதென்று விசாரிப்பதில்லை. கதவு திறந்திருக்கிறதா என்பதே அவனுக்கு வேண்டியது. ஆதலின் நன்மையை நன்மையென்றே ஏற்போம். ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம்: எண்ணாமல் கிடைத்த நன்மை எண்ணாமலே பறிபோகவும் கூடும். வியாபாரம் வேறொரு கருவியை விரும்பும் நாளில், அந்தக் கருவிக்கு முன் நாற்காலியில் இருப்பவர் மீண்டும் கணக்கில் சேராதவராகி விடலாம். தற்செயலாய் வந்த நீதியை உரிமையாக நிலைநிறுத்துவது சட்டமும் ஜனங்களின் விழிப்புமே.

அமெரிக்காவில் அச்சட்டம் எளிதில் வரவில்லை. 1990-ம் வருஷம் மார்ச் மாதம் 12-ந் தேதி, வாஷிங்டன் நகரிலுள்ள சட்டசபைக் கட்டடத்தின் படிகளுக்கு முன் உடற்குறையுள்ளோர் பலர் திரண்டனர். தங்கள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, அப்படிகளின் மீது கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து ஏறினர். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். ஜனங்களின் சபை என்று பெயர் வைத்த கட்டடத்துக்குள் ஜனங்களில் ஒரு பகுதியார் இப்படித்தான் நுழைய முடியும் என்பதை உலகம் கண்ணால் கண்டது. அவ்வருஷம் ஜூலை மாதம் 26-ந் தேதி ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் உடற்குறையுள்ள அமெரிக்கர் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின்கீழ் 2010-ம் வருஷத்தில் வெளியிடப்பட்ட கட்டட விதிகளைப் படிப்பவர், நீதி என்பது எவ்வளவு நுட்பமானது என்று வியப்பர். நாற்காலியில் செல்வோருக்குரிய பாதையின் பகுதியாகச் சுழல் தடுப்பை வைத்தல் ஆகாது. கதவின் திறந்த அகலம் 32 அங்குலத்துக்குக் குறையலாகாது. அமர்ந்தபடியே முன்னே கைநீட்டித் தொட வேண்டிய பொருள், இடையே தடையில்லாதவிடத்து, தரையிலிருந்து 15 அங்குலத்துக்குக் கீழும் 48 அங்குலத்துக்கு மேலும் இருத்தல் ஆகாது. இயக்க வேண்டிய கருவி ஒற்றைக் கையால் இயங்க வேண்டும்; இறுகப் பிடிக்கவோ, கிள்ளவோ, மணிக்கட்டைத் திருகவோ அவசியமிருத்தல் கூடாது; ஐந்து ராத்தலுக்கு மேற்பட்ட பலமும் வேண்டியிருக்கக் கூடாது. மேடையில் சமத்துவம் பேசுவது எளிது. அச்சமத்துவம் எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்வதே அரிது. அளந்து சொல்லாத சமத்துவம் வாயிலில் வந்து நின்றவருக்கு உதவாது.

"சிலருக்காகப் பலர் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்பது அடிக்கடி கேட்கப்படும் ஆட்சேபம். இதற்கு இரண்டு விடை உண்டு. முதலாவது, அந்தச் சிலர் யார் என்பதை ஒருவரும் அறியார். இன்று பலரோடு நிற்கும் நாம் நாளை மரத்திலிருந்து விழுந்தோ, லாரி மோதியோ, நீரிழிவு நோயால் காலை இழந்தோ அந்தச் சிலருள் ஒருவராகலாம். ஒன்றும் நேராவிடினும் முதுமை நேரும். இரண்டாவது, உரிமையைத் தலை எண்ணித் தீர்மானிப்பதாயின், சிறுபான்மையாராய் இந்நாட்டில் வாழும் நாம் எந்த முகத்தோடு நம் உரிமையைக் கேட்பது? கணக்குப் பார்ப்பவர்கள் நம்மையும் அப்படியே கணக்குப் பார்ப்பார்கள் அன்றோ?

இனிக் கைப்பட்டையின் குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டையைத் தூணில் காட்டுவதோடு காரியம் முடிவதில்லை. பட்டை வேறொருவர் கைக்கு மாறிவிடாதிருக்க, மூன்று வயதும் அதற்கு மேலுமுள்ளோர் ஒரு விரலையும் கருவியில் வைக்க வேண்டுமென்று அங்கே ஏற்பாடு செய்தார்கள். வாத நோயால் விரல் மடங்கியவர் என்ன செய்வார்? கையைத் தூக்க இயலாதவர் என்ன செய்வார்? விரலே இல்லாதவர் என்ன செய்வார்? தோட்டத்து ஆபீசில் சம்பளப் பட்டியலுக்குக் கைநாட்டு வாங்கிய அனுபவம் உள்ளவர் இதை உடனே உணர்வர். ஆயுள் முழுதும் கத்தியும் வாளியும் பிடித்த பெருவிரலில் ரேகை தேய்ந்திருக்கும். எவ்வளவு மை தடவினாலும் கறுப்புப் புள்ளிதான் விழும். உழைத்த கையை இயந்திரம் அறியாதென்றால் குறை கையில் உள்ளதா, இயந்திரத்தில் உள்ளதா?

இக்குறைக்கு அப்பூங்காவார் ஒரு பரிகாரம் வைத்திருக்கின்றனர். விரல் வைக்க விரும்பாதவர் படத்தோடு கூடிய அடையாளச் சீட்டைக் காட்டலாம் என்பதே அது. இப்பரிகாரத்தில் நாம் பாராட்டுவது ஒன்று உண்டு. இது விரல் இல்லாதவருக்கு மாத்திரம் என்று வகுக்கப்படவில்லை. விரும்பாத எவருக்கும் உரியது. ஆதலின் அதைக் கையாள்பவர் தம் குறையைப் பத்துப் பேர் முன் விளக்க வேண்டியதில்லை. இதிலிருந்து ஒரு பொது விதியைப் பெறலாம். மாற்று வழி அவசியமாகும் இடத்தில், அதை எல்லோருக்கும் திறந்து வைத்தால் அது வசதி. ஒரு கூட்டத்தாருக்கு மாத்திரம் என்று குறித்து வைத்தால் அது முத்திரை. குவளைக்கும் இதுவே விதி. கதவுக்கும் இதுவே விதி. பட்டைக்குப் பதிலாக அட்டையையோ கைபேசியையோ காட்டலாம் என்று ஏற்பட்டதும் இவ்வகையில் நல்லதே. மணிக்கட்டு இல்லாதவனுக்கு மணிக்கட்டுப் பட்டை எதற்கு?

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. முன்னைய மேஜிக் பேண்டில் தொட்டறியும் சில்லோடு, தொலைவிலிருந்தே அறியத்தக்க ஒலிபரப்பி ஒன்றும் இருந்தது. பூங்காவினுள் பட்டை எங்கெங்கே திரிகிறதென்பதைக் கம்பெனியார் ஓரளவு அறிய அது உதவிற்று. இதை விரும்பாதவன் பட்டையை மறுத்துவிடலாம் என்பர். ஆயின், தடையற்ற வாயில் பட்டைக்காரருக்கு மாத்திரமே என்று ஓர் இடத்தில் வைத்துக்கொள்வோம். நடப்பவன் பட்டையை மறுத்துச் சுழல் தடுப்பின் வழியே போவான். நாற்காலியில் இருப்பவர் மறுத்தால் எங்கே போவார்? தம் நடமாட்டத்தைப் பிறருக்கு அறிவிப்பதையே அவர் நுழைவுக் கட்டணமாகக் கொடுக்க வேண்டியவராகிறார். வேறு வழியில்லாதவனிடம் பெறும் சம்மதம் சம்மதமாகாது. கடன்பட்டுக் கப்பலேறிய நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்த ஒப்பந்தங்களைப் பற்றி அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

வாயிலைத் தாண்டிய பிறகும் வாயில்கள் உண்டு என்பதையும் கூறல் வேண்டும். பழைய விளையாட்டுகள் பலவற்றில் வரிசை செல்லும் வழி குறுகலாயும் படிகளோடும் அமைந்துவிட்டதால், நாற்காலியில் வந்தவர் வெளியேறும் வழியாக உள்ளே போக வேண்டியிருந்தது. பிற்காலத்தில் கட்டியவற்றில் எல்லோருக்கும் ஒரே வரிசையை அமைக்கலானார்கள். 2017-ம் வருஷம் மே மாதம் ஒர்லாண்டோவில் திறக்கப்பட்ட வால்கனோ பே என்னும் நீர்ப் பூங்காவில் டாப்புடாப்பு என்ற கைப்பட்டையைக் கொடுத்து, வரிசையில் நில்லாமலே முறை வரும் நேரத்தை அறியச் செய்தனர். நிற்க இயலாதவருக்கு மாத்திரம் தேவைப்பட்ட சலுகை எல்லோருக்கும் உரிய வழக்கமாயிற்று. ஆயினும் சறுக்கு மரத்தின் உச்சிக்குப் படியேறிச் செல்ல வேண்டியிருக்கும் வரையில் கைப்பட்டை என்ன செய்யும்? முறை வந்துவிட்டதென்று அது அறிவிக்கும். படியை அது கரைத்துவிடாது.

சலுகையைப் பிறர் அபகரிப்பதும் உண்டு. உடற்குறையுள்ளோரைக் கூலிக்கு அமர்த்தி அவர்களோடு சேர்ந்து வரிசையைத் தாண்டிச் சென்ற செல்வர்களைப்பற்றி 2013-ம் வருஷத்தில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் டிஸ்னி கம்பெனியார் பழைய உதவிச் சீட்டு முறையை நிறுத்தி, வரிசை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் வேறிடத்தில் காத்திருந்து திரும்பும் முறையை ஏற்படுத்தினர். 2024-ம் வருஷத்தில் அதையும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறையுள்ளோருக்கே உரியதெனச் சுருக்கினர். வேறு நோயுடையோர் பலர் இதனால் வருந்தினர். பொய்யர் செய்த குற்றத்துக்கு மெய்யர் தண்டனை பெறுவது உலக வழக்கமாகிவிட்டது. பொய்யரை விலக்க வேண்டும் என்பதில் தடையில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் உடம்பின் இரகசியத்தை வெளியிட்டுத்தான் சந்தோஷத்தைப் பெற வேண்டுமென்றால், அந்தச் சந்தோஷத்தின் விலை சிலருக்கு மாத்திரம் மிக அதிகமாகிறது. எல்லோருக்கும் ஏற்ற வழியை முதலிலேயே அமைத்திருந்தால் சலுகையே வேண்டியிராது. சலுகை இல்லாவிடில் திருட்டும் இராது.

"இல்லாமல் முடியாதென்றால்தான் கொடுப்போம்" என்னும் வாதத்தையும் நீதிமன்றம் ஆராய்ந்திருக்கிறது. தசை நோயுற்ற ஒரு பெண்மணி, உட்கார்ந்து எழுவது தமக்கு வேதனையாதலால், நின்றபடி செல்லும் செக்வே என்ற இரு சக்கர வண்டியில் கலிபோர்னியாப் பூங்காவுக்குள் செல்ல அனுமதி கேட்டார். சக்கர நாற்காலியில் வரலாமே என்று பூங்காவார் மறுத்தனர். கீழ்க்கோர்ட்டு பூங்காவார் பக்கம் தீர்த்தது. 2012-ம் வருஷத்தில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிற்று. எப்படியாவது உள்ளே போக முடிகிறதா என்று கேட்பது மாத்திரம் போதாது. உடல் நலமுடையோர் அவ்விடத்தை எங்ஙனம் அனுபவிக்கின்றனரோ அதனை ஒத்த அனுபவத்தை மற்றவருக்கும் அளிக்க நியாயமான முயற்சி செய்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. பாதுகாப்புக்கு ஆபத்தென்று உண்மையாக நிரூபித்தால் மறுக்கலாம் என்றும் கூறிற்று. நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இத்தீர்ப்பில் விடையிருக்கிறது. உள்ளே போவது ஒன்று. எங்ஙனம் போகிறோம் என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததே உரிமை.

இதை நன்கு உணர்ந்து கட்டிய இடமும் ஒன்று உண்டு. டெக்ஸாஸ் மாகாணம் சான் அந்தோனியோ நகரில் கார்டன் ஹார்ட்மன் என்பவர், உடற்குறையுள்ள தம் மகளைப் பிற பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளத் தயங்கியதைக் கண்டு வருந்தி, 2010-ம் வருஷத்தில் மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்ற பூங்காவைத் திறந்தார். உடற்குறையுள்ளோருக்கு அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. சக்கர நாற்காலியை விட்டு இறங்காமலே ஏறத்தக்க இராட்டினமும் ஊஞ்சலும் உண்டு. 2017-ம் வருஷத்தில் அதனருகே ஒரு நீர்ப் பூங்காவும் எழுந்தது. மின்கலத்தில் ஓடும் நாற்காலி நீரில் நனையலாகாதாதலால், அழுத்திய காற்றினால் ஓடும் நாற்காலியைப் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையாரின் உதவியால் செய்வித்து அங்கே கொடுக்கின்றனர். அங்கும் கைப்பட்டை உண்டு. கூட்டத்தில் பிரிந்து போன பிள்ளை எங்கிருக்கிறதென்று பெற்றோர் அறிய உதவுவதற்காகவே அது அமைந்தது. கருவி ஒன்றேயாயினும், யாரை முதலில் நினைத்து அதைச் செய்தனர் என்பதால் அதன் குணம் வேறாகிறது. இது தனி வாயிலாகாதோ என்று சிலர் ஐயுறலாம். ஆகாது, எல்லோருக்கும் திறந்த பூங்கா அது. நடக்கும் பிள்ளையும் உருளும் பிள்ளையும் ஒரே ஊஞ்சல் வெளியில் விளையாடுகின்றன.

இவ்வளவும் கூறிய பின் நம் வீட்டு வாயிலைப் பார்க்காமல் முடித்தல் அழகன்று. சிங்கப்பூரில் 1990-ம் வருஷம் முதல் கட்டடங்களில் தடையற்ற வழி வேண்டுமென்ற விதி உண்டு. மலேசியாவில் 2008-ம் வருஷத்தில் உடற்குறையுள்ளோர் சட்டம் நிறைவேறிற்று. சட்டங்கள் இருக்கின்றன. நம்மவர் கட்டிய மண்டபங்களும் படிப்பகங்களும் எப்படி இருக்கின்றன?

சில வருஷங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். சமத்துவத்தைப்பற்றிய பேச்சுத்தான் அன்றும். வாயிலில் ஏழு படிகள். இளமையில் அச்சங்கத்துக்காக உழைத்த முதியவர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தார். நான்கு வாலிபர்கள் ஓடிச் சென்று, நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியேற்றி உள்ளே கொண்டு வந்தனர். சபையோர் கைதட்டினர். நாமும் தட்டினோம். வாலிபர்களின் நற்குணத்தைத் தலைவர் மேடையிலேயே புகழ்ந்தார். அம்முதியவர் மாத்திரம் தலை நிமிரவில்லை. கூட்டம் முடியும் வரையில் தம் இரு கைகளையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப்பின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. உடம்பு முடியவில்லை போலும் என்று பேசிக்கொண்டோம். ஏழு படிகளைப்பற்றி யாரும் பேசவில்லை. அந்த மண்டபத்துக்கு மறு வருஷம் புதுச் சாயம் பூசப்பட்டது. பெயர்ப் பலகைக்கு மின்விளக்கும் போடப்பட்டது. படிகள் இன்றும் ஏழுதான்.

அன்று நாம் கைதட்டியது எதற்காக என்று பின்னர் பல தடவை யோசித்ததுண்டு. வாலிபர் செய்தது நல்ல காரியமே. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நம் கைதட்டல், ஒரு மனிதர் சுமையைப்போல் தூக்கி வரப்பட்டதைக் கொண்டாடிவிட்டது. உதவி செய்யும் நம் பெருமைக்கு அவருடைய இயலாமை தேவைப்பட்டது. ஒரு சாய்தளம் இருந்திருப்பின் யாரும் தட்டியிருக்கமாட்டார்கள். அவரும் நிமிர்ந்து, நண்பர்களோடு பேசிக்கொண்டே வந்து அமர்ந்திருப்பார்.

ஆதலின் நேயர்களுக்கு நாம் கூறுவது இதுதான். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு முன், நிர்வாகிகளில் ஒருவர் ஒரு நாற்காலியில் அமர்ந்து, தெருவிலிருந்து மேடைவரை நடக்காமல் வந்து பார்க்கட்டும். எங்கே தடை வருகிறதோ அங்கே சுண்ணாம்பினால் கோடு போடட்டும். கோடு விழுந்த இடமெல்லாம் நாம் ஒருவரை வெளியே நிறுத்திய இடம். அதைச் சரிசெய்ய 100 கோடி டாலர் வேண்டியதில்லை. சில மூட்டைச் சிமெண்டும், இரண்டு நாள் கொத்தனார் கூலியும், சங்கத்து நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரு தீர்மானமும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். வேலை முடிந்த அன்று அந்த முதியவர் வீட்டுக்கு நாமே சென்று அழைப்போம்.